மவுசருக்கு விட்ட எண்ணெய்

அல்பேட்டின் மூக்குக்குத் துவக்கு என்றால் வெடிமருந்து மணமல்ல, கிறீஸ் நாற்றம். பழைய இராணுவத் துவக்குகளைக் களஞ்சியத்தில் போடும்போது துருப்பிடிக்காமலிருக்க ஒரு கிறீஸை அள்ளிப் பூசிவிடுவார்கள். அறுபது எழுபது வருடம் கழித்துப் பெட்டியைத் திறந்தால் அது கறுத்த சீனிப்பாணியாக இறுகிக் கிடக்கும். பூனை மூத்திரத்தையும் பழைய மெழுகுதிரியையும் சேர்த்துக் காய்ச்சினால் எப்படி மணக்குமோ அப்படி மணக்கும். துவக்கின் மரக்கட்டையைச் சூடாக்கித் துடைத்தால் எவனோ ஒருவனுடைய வியர்வை, எவனோ ஒருவனுடைய கன்னத்து எண்ணெய், தலைமயிர், செத்த பூச்சி எல்லாம் கொப்புளித்துக்கொண்டு வெளியே வரும். ஏழு வருடமாகச் சனிக்கிழமை தவறாமல் இந்த ஊத்தையைத் துடைக்கிறான். இன்னும் பழகவில்லை.

“பிறகென்னத்துக்கு உந்த அரியண்டத்துக்குப் போறீங்கள்?” என்று அவன் மனைவி விக்ரோரியா கேட்பாள். கேட்பதோடு விடமாட்டாள். உடுப்பைக் கராஜிலேயே கழற்றிவிட்டு, குளித்த பிறகுதான் குசினிப் பக்கம் வர அனுமதி.

அவனிடம் பதில் இல்லாமலில்லை. கிழமையில் ஐந்து நாளும் டென்மார்க்கின் சில்க்போர்க் நகரில் பம்புக்குத் துண்டு கடையும் ஃபாக்டறியில் நிற்கிறான். கடைவது இயந்திரம். இவன் பொத்தானை அமத்திவிட்டுக் கண்ணாடிக்கு வெளியே நின்று வேடிக்கை பார்க்கிறான். கையிருக்கிற மனுசனுக்கு இது ஒரு வேலையா?

சனிக்கிழமைகளில் அவன் போவது இங்கரின் பட்டறைக்கு. இங்கர் அறுபதைத் தொட்ட டேனிஷ்காரி, துவக்குத் திருத்த லைசென்ஸ் உள்ளவள். ஊருக்கு வெளியே, ஒரு காலத்தில் பால் சேகரித்த கட்டிடத்தில் தனியாக வேலை செய்கிறாள். இராணுவங்கள் கழித்துவிட்ட பழைய துவக்குகளை மான் வேட்டைக்கு ஏற்றதாக மாற்றுவது அவளுடைய பிழைப்பு. நீளக் குழலை அறுத்துக் கட்டையாக்க வேண்டும். அறுத்த வாயை மயிரிழை பிசகாமல் கடைய வேண்டும். முனையில் கத்தி மாட்டுகிற காதை வெட்டி எறிய வேண்டும். ரவையை உள்ளே தள்ளிப் பூட்டுகிற போல்டின் நேராக நீட்டிக்கொண்டிருக்கும் பிடியைச் சூடாக்கிக் கீழே வளைக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே பூட்டுகிற தொலைநோக்கியில் இடிக்கும். கடைசியில் வால்நட் மரத்தில் புதுக் கட்டை. மனுசனைக் கொல்வதற்கென்று செய்த சாமானிலிருந்து அந்த எண்ணத்தை மட்டும் அராவி எடுத்துவிடுகிற வேலை இது என்று அல்பேட் தனக்குத்தானே சொல்லிக்கொள்வான். அந்தப் பகுதி அவனுக்குப் பிடிக்கும். ஒரேயொரு வகையை மட்டும் தொடமாட்டான், பழைய பிரித்தானியத் துவக்கை. அதைத் தோளில் தொங்கவிட்ட இராணுவக்காரர்கள் மன்னாரில் தன் தகப்பனை நடுறோட்டில் முழங்காலில் நிறுத்தியதை ஒன்பது வயதில் பார்த்தவன். இங்கர் ஒருமுறை காரணம் கேட்டாள், சொன்னான். பிறகு அவள் கேட்டதில்லை.

போன செப்டம்பரில் இங்கர் கோப்பையைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: “ஜனவரியிலிருந்து இங்கேயே வந்துவிடு. முழுநேரமாக. ஃபாக்டறிக்கு எழுதிக் கொடுத்துவிடு.”

அவனுக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை.

“எனக்கு வேகம் வேண்டாம்,” என்றாள் அவள். “ஒரு துவக்கில் உனக்குச் சந்தேகம் இருந்தால், அது யாருடையதாக இருந்தாலும் சரி, வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இந்தத் தொழிலில் வேறு சட்டமே இல்லை.”

இதைச் சொல்ல வேண்டுமா என்றுதான் அல்பேட் நினைத்தான். அன்று வீட்டுக்குப் போய்க் கிறீஸ் கையோடு விக்ரோரியாவைக் கட்டிப்பிடித்தான், அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. ஐம்பத்து நாலு வயதில் விரும்பிய வேலைக்குப் போகிற கொடுப்பினை எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இனி அவனுக்கு வேண்டியதெல்லாம் அந்த ஜனவரி ஒன்றுதான்.

ஜனவரிக்கு முன்னால் ஒரு துவக்கை முதலிலிருந்து முடிவுவரை தனியாகச் செய்து காட்டு என்று இங்கர் சொல்லியிருந்தாள். அதற்கென்று வந்து வாய்த்தவர் தவராஜா.

தவராஜாவுக்குக் கோல்டிங்கில் துப்புரவுக் கம்பனி. அறுபது பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். மாதா கோயில் திருநாளென்றால் முன்வரிசை, மேடையென்றால் மைக். பல்லைக் குத்தியபடிதான் கதைப்பார். குத்தியதை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் ஒருமுறை மணந்துவிட்டுத்தான் மற்றப் பல்லுக்குப் போவார். பார்த்துக்கொண்டு நிற்கிறவனுக்கு நாலு நாளைக்குச் சோறு இறங்காது. இப்படிப்பட்ட மனுசன் வேட்டை லைசென்ஸ் எடுத்தது மானில் இருந்த ஆசையால் அல்ல. பெரிய கட்டிடங்கள் வைத்திருக்கிற டேனிஷ்காரர்கள் சனிக்கிழமை காலையில் காட்டுக்குப் போகிறார்கள், அந்தக் கும்பலில் தானும் பச்சைக் கோட்டோடு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

“கட்டையிலை ஒரு மான்தலை செதுக்கு தம்பி,” என்றார் தவராஜா. “கீழை என்ர பேர், தங்க எழுத்திலை. வார்னிஷ் கண்ணாடி மாதிரி மினுங்கவேணும்.”

“மினுங்கினால் மான் கண்டு ஓடிடும் அண்ணை.”

“ஓடினால் ஓடட்டும். ஆக்கள் பாக்கவேணும்.”

அல்பேட் பல்லைக் கடித்துக்கொண்டு இங்கரைப் பார்த்தான். அவளுக்குச் சிரிப்பு. “ரசனை அவருடையது. சரியாகச் சுடுவது மட்டும்தான் நம் பொறுப்பு,” என்றாள்.

துவக்கு என்னவோ தங்கமான துவக்கு. சுவீடன் இராணுவத்துக்காகச் செய்த மவுசர், வயது நூற்றுக்கு மேல். அந்த நாடு சண்டைக்கே போகாததால் குழல் புதுசாகக் கிடந்தது. இரண்டு மாதம் அதோடு மல்லுக்கட்டினான். குழலை வெட்டி, வாயைக் கடைந்து, பிடியை வளைத்து, கட்டையைக் கடைசி இழைப்புவரை கையாலேயே இழைத்தான். பிறகு அந்த அழகான வால்நட் மரத்தில், வேறு வழியில்லாமல், ஒரு மான்தலையையும் ‘தவராஜா’ என்ற பெயரையும் செதுக்கினான். திருமண மண்டப வாசலில் தொங்கவிடுகிற பலகை மாதிரி இருந்தது. தன் கையால் செய்த அசிங்கத்தைப் பார்க்கவே அவனுக்குக் கூசியது. ஆனால் நூறு மீற்றரில் வைத்துச் சுட்டபோது ஐந்து ரவையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாய்க்குள் அடங்கின. இங்கர் அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

கொடுக்கும்போது துவக்குக்கான எண்ணெய்ப் போத்தலையும் கையில் வைத்துச் சொல்லித்தான் விட்டான்: “இதைத் தவிர வேறை ஒண்டும் விடாதேங்கோ அண்ணை.”

“ஓமோம்,” என்றார் தவராஜா, பல்லைக் குத்திக்கொண்டு.

நவம்பர் முதல் வெள்ளிக்கிழமை பின்னேரம் தவராஜா வீட்டில் விருந்து. வேட்டைக்காரருக்கென்று ஒரு புனிதர் இருக்கிறார், அவருடைய திருநாள் அந்தக் கிழமைதான் என்று யாரோ டேனிஷ்காரன் சொல்லியிருக்கிறான். மனுசனுக்கு அது போதாதா? நாற்பது பேரை அழைத்துவிட்டார். புதுக் காரை மந்திரிப்பதுபோலத் துவக்கையும் மந்திரிக்கும்படி பாதரிடம் கேட்க, பாதர் அவசரமாகச் சாப்பாட்டு மேசைப் பக்கம் திரும்பி உணவை ஆசீர்வதித்துவிட்டு, இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டுமென்று நழுவிவிட்டார். விக்ரோரியாவுக்கு அன்று வயோதிபர் இல்லத்தில் பின்னேர வேலை. அல்பேட் தனியாகத்தான் போயிருந்தான். அடுத்த நாள் காட்டுக்கும் கூட வரவேண்டும் என்று தவராஜா சொல்லியிருந்தார். துவக்கில் ஏதாவதென்றால் பார்க்க ஓர் ஆள் வேண்டுமாம், இங்கரும் போகச் சொல்லியிருந்தாள்.

வீட்டுக்குள் ஹீற்றரை முறுக்கிவிட்டிருந்தார்கள், வேர்த்துக் கொட்டியது. தவராஜா கராஜிலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்து துவக்கைக் கொண்டுவந்து ஆள் மாறி ஆள் கையில் கொடுத்தார். மட்டன் ரோல்ஸ் தின்ற கை, கோழிக்கால் கடித்த கை, பிள்ளைக்கு மூக்குத் துடைத்த கை என்று எல்லாக் கையும் அல்பேட் இரண்டு மாதம் இழைத்த கட்டையில் பட்டன. ஒருவர் தொலைநோக்கிக் கண்ணாடியை எச்சில் தொட்டுத் துடைத்தார். அல்பேட் அதைப் பார்க்க மாட்டாமல் வாங்கி, வழக்கம்போல முதலில் போல்டைக் கழற்றி எடுத்தான்.

கழற்றியதும் அந்த மணம் வந்தது. தேங்காய் எண்ணெய். கொஞ்சநஞ்சமல்ல, போல்டின் பின்பக்கத்தால் தாராளமாகவே விட்டிருக்கிறார்கள். அறைச் சூட்டில் இளகி ஒரு துளி மணிக்கட்டில் வழிந்தது.

குளிரில் தேங்காய் எண்ணெய் என்ன ஆகும் என்று டென்மார்க்கில் பிறந்த தமிழ்ப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். குளியலறைப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைத்து இளக்காமல் தலைக்கு எடுக்க முடியாது. போல்டுக்குள்ளே ஒரு நீளமான ஊசியும் அதைத் தள்ளுகிற ஸ்பிரிங்கும் இருக்கின்றன. விசையை இழுத்ததும் அந்த ஊசி பாய்ந்து ரவையின் அடியில் குத்த வேண்டும். அப்போதுதான் வெடிக்கும். நாளைக் காலையில் காட்டில் பூச்சியத்துக்குக் கீழே மூன்று பாகை என்று ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். எண்ணெய் மெழுகாக இறுகும். ஊசி ஊர்ந்துதான் போகும்.

கழற்றித் துடைத்து நல்ல எண்ணெய் விட இரண்டு நிமிடம் போதும். அல்பேட் வாயைத் திறந்தான். “அண்ணை, இதுக்குள்ளை…”

அதே நேரம் தவராஜாவின் கை அவன் தோளில் வந்து விழுந்தது. “இவர்தான் எங்கட அல்பேட்!” என்றார் கூட்டத்தைப் பார்த்து. “துவக்கை ஆர் செய்தது எண்டு கேட்டீங்களே? இவன்ர கை, என்ர மூளை. கையாலை செய்யிற ஆக்களுக்கு மண்டையாலை செய்யிற ஒருத்தன் பக்கத்திலை நிண்டு சொல்லிக் குடுக்கவேணும். என்ன தம்பி, நான் சொல்லச் சொல்லத்தானே செய்தனி?”

எல்லோரும் சிரித்தார்கள். அவருடைய மூச்சில் கோழிக் குழம்பு நாறியது. குத்திய பல்லுக்குச்சி இன்னும் அவருடைய மற்றக் கையில் இருந்தது.

“ஓம் அண்ணை,” என்றான் அல்பேட்.

போல்டைத் திரும்பப் போட்டுத் துவக்கைக் கொடுத்துவிட்டான். நாளைக்கு அந்தப் பெரிய மனுசர்களுக்கு நடுவில், பச்சைக் கோட்டும் தங்க எழுத்துமாக, விசையை இழுக்கட்டும். ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் கேட்கும். மான் திரும்பிப் பார்த்துவிட்டுப் போகும். டேனிஷ்காரர்கள் கோப்பிக்குள் வாயை மறைத்துச் சிரிப்பார்கள். பிறகு நான் போல்டைக் கழற்றித் தேங்காய் எண்ணெயை எல்லோருக்கும் காட்டுவேன், யாருடைய மூளை என்று அப்போது பார்ப்போம். இதைத்தான் அல்பேட் நினைத்தான். நினைத்து இன்னொரு ரோல்ஸும் எடுத்துச் சாப்பிட்டான். ருசியாகத்தான் இருந்தது.

மறுநாள் விடிகிற நேரம் இருவரும் சில்க்போர்க்குக்கு மேற்கே ஒரு தனியார் காட்டில், மரப் பரணொன்றில் பக்கத்தில் பக்கத்தில் குந்தியிருந்தார்கள். காட்டுக்குச் சொந்தக்காரர் மற்ற விருந்தாளிகளை வேறு பரண்களுக்கு அனுப்பியிருந்தார். புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடந்தது. தவராஜாவின் துவக்கு இரவெல்லாம் கராஜில், பூட்டிய அலமாரிக்குள் குளிர் குடித்திருந்தது. போல்டைத் தள்ளி ரவை ஏற்றும்போதே அது முனகியதை அல்பேட் கேட்டான். அப்போதும் அவன் பேசவில்லை.

தவராஜா அன்று பல்லைக் குத்தவில்லை. “முதல்தரமடா,” என்று கிசுகிசுத்தார். “நெஞ்சு இடிக்குது.”

ஏழரை மணிக்கு ஒரு பெட்டை மான் வெளியே வந்தது. அறுபது மீற்றர் இருக்கும். பக்கவாட்டில் நின்று தலையைக் குனிந்து எதையோ கடித்தது. தவராஜா, குறை சொல்லக்கூடாது, ஒழுங்காகத்தான் பழகியிருந்தார். கட்டையைத் தோளில் வைத்து, மூச்சை விட்டு, மெல்ல விசையை இழுத்தார்.

‘டிக்.’

அல்பேட்டின் வாயில் சிரிப்பு வந்தேவிட்டது. தவராஜா என்னவென்று புரியாமல் முகத்தைத் திருப்பி அவனைப் பார்த்தார். அவர் திரும்பியபோது குழலும் கொஞ்சம் திரும்பியது. அந்தக் கணத்தில் துவக்கு வெடித்தது.

இப்படியும் நடக்கும் என்று தொழில் தெரிந்தவனுக்குத் தெரியும். ஊசி வேகமில்லாமல் குத்தினால் சில நேரம் ரவை வெடிக்காமலே விடும், சில நேரம் ஒரு கண்வெட்டுப் பிந்தி வெடிக்கும். அல்பேட்டுக்கும் தெரியும். நேற்றுப் பின்னேரம் மட்டும் அதை நினைக்க அவன் விரும்பவில்லை.

மான் முதுகைக் கூனிக்கொண்டு ஒருமுறை துள்ளியது. ஓடவில்லை. வயிற்றுவலிக்காரிபோல வளைந்து வளைந்து நடந்து ஊசியிலைப் பற்றைக்குள் போய்விட்டது.

இறங்கிப் போய்ப் பார்த்தார்கள். உறைந்த புல்லில் கொஞ்சம் மயிர், இரண்டு மூன்று துளி இரத்தம், அதோடு பச்சையாக அரைபட்ட புல்லும் சளியும் கலந்த ஒரு கூழ். இரைப்பையிலிருந்து வந்தது. ஆவி பறந்தது. அந்தப் புளித்த நாற்றம் அல்பேட்டின் தொண்டைக்குள் போய் ஒட்டிக்கொண்டது.

காயப்பட்ட மானை அப்படியே விட்டுப் போகக்கூடாது, மோப்ப நாய் வைத்திருக்கிறவரைக் கூப்பிட்டே ஆகவேண்டும். அது இந்த நாட்டுச் சட்டம். இந்தப் பகுதியில் அப்படி நாய் வைத்திருக்கிற ஆள் இங்கர். அவள் வந்தால் துவக்கைக் கேட்பாள். போல்டைத் திறப்பாள்.

“அண்ணை,” என்றான் அல்பேட். தன் குரலைக் கேட்கவே அவனுக்கு அருவருப்பாக இருந்தது. “உது பெரிசாப் படேல்லைப் போலை. உரசிக்கொண்டு போட்டுது. மான் தப்பிவிடும். போவமே?”

தவராஜா அந்தப் பச்சைக் கூழையே பார்த்துக்கொண்டு நின்றார். மூக்கில் வழிந்ததைக்கூடத் துடைக்கவில்லை. “விசர்க் கதை கதைக்காதை,” என்றார். “வயித்திலை பட்டது. நான் கண்டனான். அது உள்ளுக்கை கிடந்து சாகுது. நாய்க்காறியைக் கூப்பிடு. நீ கூப்பிடாட்டி நான் கூப்பிடுறன்.”

அவரே கூப்பிட்டார்.

முக்கால் மணித்தியாலத்தில் இங்கர் வந்துவிட்டாள். ஆனால் நாயை இறக்கவில்லை. வயிற்றில் பட்ட மானை உடனே துரத்தினால் வலியோடு மைல் கணக்கில் ஓடும், படுக்கவிட்டுத்தான் போகவேண்டும் என்றாள். அந்த நேரத்துக்குள் துவக்கை வாங்கி, போல்டை ஒருமுறை முன்னும் பின்னும் அசைத்தாள். புருவம் சுருங்கியது. அதை அல்பேட்டிடம் நீட்டினாள். “திற.”

காட்டுக்காரரும் மற்ற விருந்தாளிகளும் சுற்றி நின்றார்கள். அல்பேட் போல்டைப் பிரித்தான். ஊசியையும் ஸ்பிரிங்கையும் சுற்றி வெள்ளை மெழுகு அப்பியிருந்தது. இப்போதுதான் முதல் தடவை காண்பவன்போலக் கண்ணை விரித்தான். இப்போதுதான் முதல் தடவை மணப்பவன்போல மூக்கைச் சுளித்தான். “தேங்காய் எண்ணெய்,” என்றான் டேனிஷில். நேற்று ஆசைப்பட்ட காட்சி அப்படியே நடந்தது. ஆட்கள் சுற்றி நிற்கிறார்கள், எண்ணெய் கையில் இருக்கிறது, தவராஜா தலைகுனிந்து நிற்கிறார். வாய் மட்டும் கசந்தது.

“நான்தான் விட்டேன்,” என்றார் தவராஜா இங்கரிடம். மறைக்கவில்லை. “ஊரில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் மோட்டார் சைக்கிளுக்கே இதை விட்டுத்தான் ஓடினோம். நீங்கள் தந்த எண்ணெய் நாறியது, மனைவி வீட்டுக்குள் கொண்டுவர விடவில்லை. இது அதைவிட நல்லது என்று நினைத்தேன். இவன்மேல் பிழையில்லை. வேறு எண்ணெய் விடாதே என்று தெளிவாகச் சொன்னவன்.”

இங்கர் அவரைத் திட்டவில்லை. “உங்களுக்குத் தெரியாது,” என்றாள். பிறகு அல்பேட்டைப் பார்த்து, “இனி எண்ணெய் பற்றிப் பெரிய எழுத்தில் எழுதித் துவக்கோடு கட்டிவிட வேண்டும். ஜனவரியில் உனக்கு அதுதான் முதல் வேலை,” என்றாள்.

அப்போ ஜனவரி பத்திரம். அதைக் கேட்ட நிம்மதியில் உடம்பு லேசானது. அந்த நிம்மதியை நினைத்துத்தான் அவனுக்கு எல்லாவற்றையும்விடக் கூசியது.

மூன்று மணித்தியாலம் கழித்து நாயை இறக்கினார்கள். இங்கர் நீளக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் போனாள். அவளுக்குப் பின்னால் தவராஜா, அவருக்குப் பின்னால் கழுவித் துடைத்த துவக்கோடு அல்பேட். காட்டுக்காரர் காட்டுவிளிம்பில் நின்றுவிட்டார். தவராஜாவையும் நிற்கச் சொன்னார்கள், கேட்கவில்லை. முள் கோட்டைக் கிழித்தது, ஓரிடத்தில் சேற்றில் முழங்கால்வரை புதைந்தார், இழுத்துக்கொண்டு வந்தார்.

நானூறு மீற்றர் தாண்டி ஒரு வடிகாலுக்குள் மான் கிடந்தது. உயிரோடு. தலையை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, தன் வயிற்றையே நக்கிக்கொண்டிருந்தது. நக்கிய இடத்தில் குடலின் ஒரு வளையம் வெளியே வந்து மண்ணும் இலையும் ஒட்டிக் கிடந்தது. இவர்களைக் கண்டும் எழும்பவில்லை. எழும்ப முயன்று முன்கால் இரண்டும் வழுக்க, திரும்ப நக்கத் தொடங்கியது.

இங்கர் இருவரையும் பின்னால் போகச் சொல்லிவிட்டு ஒரே ஒரு வெடி வைத்தாள்.

பிறகு கத்தியை எடுத்து வயிற்றைத் திறந்தாள். உள்ளே முழுவதும் அந்தப் பச்சைக் கூழ், இரத்தத்தோடும் மலத்தோடும் கலந்து. இறைச்சி எதற்கும் உதவாது என்றாள். அல்பேட் ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு, நேற்றுத் தின்றது வரைக்கும் சத்தி எடுத்தான். தவராஜா முகத்தைத் திருப்பவில்லை. இங்கர் கால்களைப் பிடிக்கச் சொன்னபோது வெறுங்கையால் பிடித்தார்.

வேலை முடிந்ததும் இங்கர் ஊசியிலைக் கொப்பொன்றை ஒடித்தாள். மான் விழுந்ததும் வேட்டைக்காரனின் தொப்பியில் அதைச் செருகிக் கைகொடுப்பது இங்கே வழக்கம், வாழ்த்தும் மரியாதையும் சேர்ந்த ஒரு சடங்கு. அவள் அதைத் தவராஜாவிடம் நீட்ட, அவர் தலையை ஆட்டினார்.

“எனக்கு வேண்டாம்,” என்றார். “என் மடத்தனத்தால் ஒரு சீவன் நாலு மணித்தியாலம் கிடந்து உத்தரித்தது. துவக்கைச் சரியாகச் செய்தவனும் பிழையைப் பிடித்தவனும் இவன். இவனுக்குக் கொடுங்கள்.”

இங்கர் அவரை ஒரு கணம் பார்த்தாள். பிறகு கிட்ட வந்து அந்தக் கொப்பை அல்பேட்டின் தொப்பியில் செருகி, இரத்தக் கையைத் துடைத்துவிட்டு அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அவள் கை சூடாக இருந்தது.

“மன்னிச்சுக்கொள் தம்பி,” என்றார் தவராஜா பக்கத்தில் வந்து, தமிழில். “நேற்று எல்லாருக்கும் முன்னாலை உன்னை மட்டமாக் கதைச்சுப்போட்டன். குடிவெறியிலை வாய் நீண்டுபோச்சு. நீயும் போல்டைக் கழட்டினனிதானே, சனத்துக்குள்ளை கவனிச்சிருக்கமாட்டாய்.”

அவன் தப்ப ஒரு கதவை அவரே திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நுழைந்துகொண்டால் போதும். ஓம் அண்ணை, கவனிக்கேல்லை. மூன்று சொல்.

“கவனிச்சனான் அண்ணை,” என்றான் அல்பேட்.

“என்ன?”

“எனக்கு நேற்றே தெரியும். மணந்து பாத்தனான். குளிருக்கு இறுகும் எண்டும் தெரியும்.”

தவராஜா அவனுக்கு நேரே திரும்பினார். “தெரிஞ்சோ விட்டனி?”

“ஓம்.”

“ஏன்ரா?”

“நீங்கள் இந்த ஆக்களுக்கு முன்னாலை வெட்கப்படவேணும் எண்டு.”

தவராஜா அவனை அடிப்பார் என்று நினைத்தான். அடிக்கட்டும் என்றும் நினைத்தான். அவர் அடிக்கவில்லை. வாயைக் கோணி, கிட்ட நிற்கவே கூசுகிறவர்போல இரண்டடி பின்னால் போனார். “சீ,” என்றார். அவ்வளவுதான். வடிகாலுக்குள் கிடந்த மானை ஒருமுறை பார்த்துவிட்டு மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இங்கர் நாயின் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “என்ன? என்ன சொல்கிறீர்கள்?” என்று கேட்டாள்.

தவராஜாவின் டேனிஷ் நன்றாக ஓடும். ஆனாலும் அவர் வாயைத் திறக்கவில்லை. அல்பேட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். சொல்வதோ விடுவதோ அவன் பாடு என்று விட்டுவிட்டார்.

அல்பேட் தொப்பியைக் கழற்றினான். “எண்ணெய் இருந்தது எனக்கு நேற்றே தெரியும்,” என்றான் டேனிஷில். “வேண்டுமென்றுதான் சொல்லவில்லை.”

இங்கர் அவன் சொன்னது சரிதானா என்று பார்ப்பவள்போல அவனுடைய கண்ணையே பார்த்தாள். நாய் கயிற்றை இழுத்தது. அவள் அதை அதட்டவில்லை. கிட்ட வந்து, அவன் தோளிலிருந்த மவுசரைக் கழற்றி எடுத்தாள். போல்டைப் பின்னால் இழுத்துக் குழலுக்குள் ரவை இல்லையென்று தன் கண்ணாலேயே பார்த்துக்கொண்டாள். இந்த ஏழு வருடத்தில் அவன் கொடுத்த துவக்கை அவள் ஒருநாளும் அப்படித் திறந்து பார்த்ததில்லை.